டீக்கடையில் கை சட்டைப்பையைத் தேடும்போது: சிகரெட்டை விடுவதற்கு மனதைப் பழக்குவது எப்படி?

சிகரெட்டை விடுவது என்று முடிவெடுத்த இரவில் பாக்கெட்டைக் கசக்கி எறிவோம். நானும் பலமுறை எறிந்திருக்கிறேன். மறுநாள் காலை டீ கிளாஸ் ஒரு கைக்கு வந்ததுமே இன்னொரு கை சட்டைப்பையைத் தடவும். அங்கே ஒன்றும் இல்லை என்றதும் கால் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பிவிடும். கடைசி முயற்சியில் ஒன்றை மாற்றினேன். ஆசை எங்கே, எப்போது வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதையும் முடிவுசெய்துகொண்டேன். ஆறு வருடமாகச் சிகரெட் பிடிப்பதில்லை. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

இந்த வாரம் எதையும் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், கூட யார், தவிப்பு எவ்வளவு (5-க்கு) என்று எழுதுங்கள். பற்றவைத்த பிறகு எழுதினால் தவிப்பின் அளவு மறந்துவிடும். நான் நாளுக்குப் பன்னிரண்டு பிடித்தேன். அதில் உண்மையாகவே தவித்துப் பிடித்தவை நான்கு: எழுந்ததும், பதினோரு மணி டீ, மதியச் சாப்பாட்டுக்குப் பின், இரவு மொட்டைமாடி. மற்றவை யாரோ நீட்டியதால் வாங்கியவை. எதிரி பன்னிரண்டு பேர் இல்லை, நாலு பேர்தான் என்று தெரிந்ததே பெரிய தெம்பு.

படி 2: நாள் குறியுங்கள்

இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2016-ல் பிரிட்டனில் 697 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நான்கு வாரம் கழித்து, ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் பிடிக்காமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். என் அனுபவமும் ஒரே நாளில் நிறுத்துவதன் பக்கம்தான்.

ஒத்தையாக வாங்கிப் பிடிப்பவர்கள் வழக்கமான கடைக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும். நம் தலையைப் பார்த்ததுமே அவர் கை அந்தப் பெட்டிக்குப் போய்விடும். “அண்ணே, நாளையிலேர்ந்து நான் கேட்டாலும் குடுக்காதீங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நான் போய் நின்றபோது ஒரு கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார்.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவர்களுக்கு உடம்பின் பிடியும் அதிகம். அவர்கள் டாக்டரைப் பார்த்து நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற உதவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நம்பர் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

படி 3: ‘இது வந்தால், இதைச் செய்வேன்’

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து விளக்கிய முறை இது. ‘இனி பிடிக்க மாட்டேன்’ என்பது சபதம்; இக்கட்டான நேரத்தில் என்ன செய்வது என்று அது சொல்லாது. கணக்கில் வந்த ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். என்னுடையவற்றில் மூன்று:

“டீ வாங்கினால், கடைக்கு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பேன்.”
“சாப்பிட்டு முடித்தால், உடனே பல் தேய்ப்பேன்.”
“மாடிக்குப் போகத் தோன்றினால், தெருமுனை வரை நடந்துவிட்டு வருவேன்.”

டீயைப் பற்றி ஒன்று. சிகரெட் புகை, உடம்பு காஃபினைச் சீக்கிரம் கழித்துவிடும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அதே அளவு டீ, காபி கூடுதலாக ஏறும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, அதையும் சிகரெட் இல்லாத குறை என்றே நினைத்துக்கொள்வோம். முதல் வாரங்களில் டீயைப் பாதியாக்குங்கள்.

படி 4: அலையைப் பாருங்கள்

முக்கியமான படி இதுதான். புகையில் வரும் நிக்கோட்டின் பத்து இருபது வினாடியில் மூளையை எட்டிவிடும். அந்த வேகத்துக்குப் பழகியவருக்கு நாலு நிமிடம் காத்திருப்பது ஒரு யுகம். ஆனால் ஒரு தவிப்பின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைக் கடல் அலைக்கு ஒப்பிட்டார்: எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல் மேலே மிதக்கப் பழகச் சொன்னார்.

இரண்டாம் நாள் மாலை பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பெரிய அலை வந்தது. போனில் மணி 6:42. தவிப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தாடை இறுகியிருந்தது. தொண்டையில் ஒரு வறட்சி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. மூச்சை மெதுவாக விட்டபடி அந்த விரல்களையே பார்த்தேன். உரசல் நின்றபோது மணி 6:46. அன்றிலிருந்து தவிப்பு வந்தால் மணி பார்ப்பேன்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் பொதுவாகக் கடுமை. பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெருமளவு தணியும்.

படி 5: மனசு பேசும் வசனத்துக்குப் பதில்

“டென்ஷனா இருக்கு, ஒண்ணு போட்டாத்தான் சரியாகும்” என்று மனசு சொல்லும். ரத்தத்தில் நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அந்த இறக்கமே எரிச்சலைக் கொண்டுவரும். முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போன டென்ஷனைத்தான் அடுத்தது தீர்க்கிறது. மனசுக்கு இதையே பதிலாகச் சொல்லுங்கள்.

நண்பர் நீட்டினால், “விட்டுக்கிட்டிருக்கேன்” என்று சொல்லாதீர்கள். “ஒண்ணுதானே மச்சி” என்று பேச்சு நீளும். “நான் பிடிக்கிறதில்லை” என்றால் அங்கேயே முடிந்துவிடும்.

படி 6: சறுக்கினால்

பத்தொன்பதாம் நாள் ஒரு கல்யாணத்தில் நான் பிடித்துவிட்டேன். முந்தைய முயற்சிகளில் இப்படி ஆனால், ‘எல்லாம் போச்சு’ என்று மறுநாளே முழு பாக்கெட் வாங்கிவிடுவேன். ஒரு சறுக்கல் வேறு, பழைய பழக்கத்துக்கே திரும்புவது வேறு. இரண்டையும் இணைப்பது அந்த ‘எல்லாம் போச்சு’தான் என்பதும் மார்லட் சொன்னது. இந்த முறை மண்டபத்து வாசலிலேயே போனில் குறித்தேன்: “இரவு 11, மண்டபத்து மாடி, காலேஜ் பசங்க, தவிப்பு 2.” கீழே புது வாக்கியம்: “பந்தி முடிந்ததும் பசங்க மாடிக்குக் கிளம்பினால், பீடா வாங்கிக்கொண்டு பெரியம்மா பக்கத்தில் போய் உட்காருவேன்.” அடுத்த கல்யாணம் இருபது நாள் கழித்து வந்தது. பெரியம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.