கெழு ஒன்றுதான், திட்டப்பிழை ஏன் வேறு? ரெக்ரெஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆரில் ஒரு திட்டப்பிழை வருது, எஸ்பிஎஸ்எஸ்-இல் வேற வருது, எதை எழுதுறது?" ஆர், எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்களோடு மல்லுக்கட்டும் ஆய்வு மாணவர்கள் வருஷா வருஷம் இதைக் கேட்கிறார்கள். கெழு என்பது ரெக்ரெஷன் சொல்லும் தொடர்பின் அளவு, திட்டப்பிழை (standard error) அந்த அளவு எவ்வளவு தடுமாறலாம் என்பது. இரண்டிலும் ஒரே அளவு வரிசைகள் போனதா, விடுபட்ட தரவு ஒதுங்கியதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

வெயிட் எல்லா மென்பொருளிலும் ஒன்றே என்று நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். என்.எஃப்.எச்.எஸ். (தேசிய குடும்ப நல ஆய்வு) தரவை எடுத்த ஒரு மாணவி, வி005 என்ற வெயிட்டை, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் தந்திருக்கும் எடையை, அப்படியே எஸ்பிஎஸ்எஸ்-இல் போட்டுவிட்டார். அந்த எண்ணைப் பத்து லட்சத்தால் வகுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். வகுக்காததால் எல்லா பி மதிப்பும் 0.000, அதாவது எல்லாமே தற்செயல் இல்லாத உறுதியான முடிவு போலத் தெரிந்தது. அதே வெயிட்டோடு, ஆரின் எல்எம் என்ற ரெக்ரெஷன் கட்டளையில் கெழுக்கள் அப்படியே பொருந்தின, திட்டப்பிழை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பெரிது. கெழு பொருந்திவிட்டதே என்று சின்னத் திட்டப்பிழையை எடுத்து ஆய்வேட்டில் ஏற்றிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் மொத்த முடிவும் பாழாகிறது.

எஸ்பிஎஸ்எஸ்-க்கு வெயிட் 40 என்றால் அதே மாதிரி 40 பேர். எல்எம்-க்கு அது அந்த வரிசையின் துல்லியம், ஆள் கணக்கே இல்லை. 10 வரிசை, ஒவ்வொன்றுக்கும் வெயிட் 40, ஒரே ஒரு விளக்க மாறி என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்: எல்எம் 8 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (வரிசை எண்ணிக்கையில் கணக்கிட்ட கெழுக்களைக் கழித்தது) காட்டும், அதையே 400 வரிசையாக விரித்தால் 398, திட்டப்பிழை சுமார் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒவ்வொரு வரிசையும் 40 பேரின் சராசரி என்றால் எல்எம் சரி. ஒரே மதிப்புள்ள 40 பேரை ஒரு வரிசையாகச் சுருக்கியிருந்தால் விரித்ததுதான் சரி.

சர்வே வெயிட் இந்த இரண்டிலும் சேராது. ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைத்தான் அது சொல்கிறது. அதனால் வகுத்துவிட்டாலும் வேலை முடியவில்லை, ஒரே ஊரில் எடுத்த பெண்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். ஆரில் எஸ்விஒய்டிசைன், அப்புறம் எஸ்விஒய்ஜிஎல்எம்; ஸ்டேட்டாவில் எஸ்விஒய்செட். கிளஸ்டர் (மாதிரி எடுத்த ஊர்), ஸ்ட்ராட்டா (மாதிரி எடுக்குமுன் பிரித்த பிரிவு), வெயிட் மூன்றையும் கொடுங்கள், விடைகள் தானாக ஒத்துப்போகும்.

"ரோபஸ்ட்" என்று மட்டும் எழுதுவது

சிதறல் எல்லா வரிசையிலும் ஒரே அளவு இல்லாதபோதும் தாங்கும் திட்டப்பிழைதான் ரோபஸ்ட், அதில் எச்சி0, எச்சி1, எச்சி3 என்று பல வகை. ஸ்டேட்டா தருவது எச்சி1, ஆரின் சாண்ட்விச் தொகுப்பில் விசிஓவிஎச்சி கேட்காமலே தருவது எச்சி3. வகையைச் சொல்லுங்கள்.

பாய்சானும் குவாசி பாய்சானும்

இரண்டும் எண்ணிக்கைத் தரவுக்கான ரெக்ரெஷன். முதலாவது டிஸ்பெர்ஷனை (சிதறல் சராசரிக்கு எத்தனை மடங்கு என்பதை) 1 என்றே வைத்துக்கொள்ளும், இரண்டாவது தரவிலிருந்து கணக்கிடும். அதனால் கெழு ஒன்றே, திட்டப்பிழை வேறு.

ஃபிக்ஸட் எஃபெக்டை யார் எண்ணுகிறார்கள் என்று பாராமல் விடுவது

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி அடிப்படை அளவு வைப்பதுதான் ஃபிக்ஸட் எஃபெக்ட். மாவட்டத்துக்கு இரண்டே ஆண்டுத் தரவு, மாவட்ட வாரியாகக் கிளஸ்டர் என்று வையுங்கள். எல்எம்-இல் மாவட்டத்துக்கு ஒரு டம்மி (0/1 மாறி) போட்டு சாண்ட்விச் வழியாகப் போனால் ஒவ்வொரு டம்மியும் திட்டப்பிழையின் சிறு மாதிரித் திருத்தக் கணக்கில் ஏறும், ஆரின் ஃபிக்ஸெஸ்ட் தொகுப்பு அவற்றை விட்டுவிடும். சுமார் 1.4 மடங்கு வித்தியாசம் தெரிந்தால் முதலில் இங்கே பாருங்கள்.