பாரிஸில சொந்தக்காரர் இருந்தா லோயர் அரண்மனையளுக்கு எப்பிடிப் போறது

யாழ்ப்பாணத்தில இருந்து பிரான்ஸுக்கு விசிற் போற எங்கட ஆக்கள் கனபேர் ஈபிள் கோபுரம், லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு, லூர்து மாதா எண்டு சுத்திப்போட்டு வந்திடுறினம், அரண்மனை எண்டா வெர்சாய் மட்டும்தான். பாரிஸில இருந்து ரெண்டு மணித்தியாலம் காரில ஓடினா லோயர் ஆத்துப் பக்கம் முழுக்க அரண்மனையள், 2000 ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கையே உலக மரபுரிமையில சேர்த்திட்டுது. ஒரு நாளாவது ஒதுக்குங்கோ.

முதல் விசா அலுவல். சொந்தக்காரர் வீட்டில நிக்கப்போறீங்களெண்டா அவை தங்கட மேரியில, அதான் நகரசபையில, 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' கடிதம் எடுத்து ஒரிஜினலை அனுப்பவேணும், பயணக் காப்புறுதியும் 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கவேணும். கடிதத்துக்கு நாள் எடுக்கும், பிளேன் ரிக்கெற் பாக்க முதலே அவைக்குச் சொல்லிப்போடுங்கோ.

நாள் பாக்கிறதும் முக்கியம். ரெஸ்ரோறன்ற்ல நிக்கிற மாமா, சித்தப்பாமார் கனபேருக்குத் திங்கள்தான் லீவு, வெர்சாய் திங்களில பூட்டு, அதோட பயணமே நிண்டுபோடும். லோயர் பக்கத்து அரண்மனையளான ஷம்போரும் ஷெனோன்சோவும் வருசத்தில ஒண்டிரண்டு நாளைத் தவிர திங்களிலயும் திறந்திருக்கும்.

கார் இல்லாட்டி ஓஸ்ரலிட்ஸ் ஸ்டேஷன்ல ரெயின் எடுத்து ப்ளுவா எண்ட ஊரில இறங்குங்கோ. அங்கத்தை அரண்மனைக்கு நடந்தே போகலாம், 1588 இல மூண்டாம் ஹென்றி ராசா கீஸ் கோமகனைக் கொல்லுவிச்ச இடம். சீசன் மாதங்களில அங்கயிருந்து ஷம்போருக்கு பஸ் ஓடும். ஷெனோன்சோ தூர் எண்ட நகரத்துப் பக்கம், அங்க வாசலுக்குக் கிட்டவே ரெயின் நிக்கும்.

ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல பாக்க வெளிக்கிடாதேங்கோ, எல்லாம் ஒரே சுவரா ஒரே கட்டிலாத் தெரியத் தொடங்கிடும். என்னைக் கேட்டா ஷம்போரும் ஷெனோன்சோவும் போதும்.

ஷம்போரைப் பிரான்சுவா ராசா 1519 இல கட்டத் தொடங்கினவர். யாழ்ப்பாண ராசா முதலாம் சங்கிலி நல்லூரில ஆட்சிக்கு வந்ததா சொல்லுற வருசமும் அதுதான், அதை மனசில வைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போங்கோ, எங்கட பக்கத்தில என்ன மிஞ்சிச்சுது எண்ட நினைப்பு வராமல் இருக்காது. நடுவில ரெண்டு சுருள்படி ஒண்டுக்குள்ள ஒண்டு சுத்தி ஏறுது, ஒண்டில ஏறுறவையும் மற்றதில இறங்கிறவையும் ஜன்னலால பாக்கலாம், ஆனா முட்டுப்படமாட்டினம். பிள்ளையளைப் பிரிச்சு விட்டு ஏறவையுங்கோ, நல்லாச் சந்தோசப்படுவினம். கன அறையள் வெறுமையாக் கிடக்கும், ஏமாறாதேங்கோ, அந்தக் காலத்தில ராசா தளபாடத்தையும் கூடவே கொண்டு திரிஞ்சவர். மொட்டை மாடிக்குக் கட்டாயம் ஏறுங்கோ, புகைபோக்கியளும் கோபுரங்களும் பக்கத்தில நிக்கிறதைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வாறது.

ஷெனோன்சோவுக்குப் போக முதல் கதையைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ, இல்லாட்டி அது ஆத்துக்கு மேல நிக்கிற ஒரு வடிவான கட்டடம், அவ்வளவுதான். ரெண்டாம் ஹென்றி அதைத் தன்ர காதலி தியானுக்குக் குடுத்தவர், 1559 இல அவர் செத்த உடன மனைவி கத்தரின் தியானைக் கிளப்பி ஷோமோன் அரண்மனையை மாத்திக் குடுத்தா, பிறகு தியான் கட்டின பாலத்துக்கு மேலயே 60 மீற்றர் மண்டபத்தையும் கட்டுவிச்சா. முதலாம் உலகப்போரில அந்த மண்டபம் ஆசுப்பத்திரி. ரெண்டாம் போரில அரண்மனைக்குக் கீழ ஓடுற ஷேர் ஆறுதான் ஜெர்மன்காரன் பிடிச்ச பக்கத்துக்கும் மற்றதுக்கும் எல்லை, மண்டபத்தின்ர ஒரு கதவால வந்து மற்றக் கதவால தப்பிப் போன சனம் இருக்கு. போரால இடம்பெயர்ந்த எங்களுக்கு அந்த மண்டபத்தில நடக்கேக்க வேற மாதிரி இருக்கும்.

காசு விசயம்: ஷம்போர் அரசாங்கத்தின்ர, 18 வயதுக்குக் கீழ இலவசம், ஐரோப்பிய ஒன்றியத்தில வதியிற 18 முதல் 25 வரை வயதுப் பெடியளுக்கும் இலவசம், அடையாள அட்டை கொண்டுபோகச் சொல்லுங்கோ. ஷெனோன்சோ தனியாற்றை, ஏழு வயதில இருந்து பிள்ளையளுக்கும் ரிக்கெற் எடுக்கவேணும். ஒன்லைன்ல முதலே எடுத்தா கியூ இல்லை. அம்மம்மா மாதிரி ஆக்கள் வந்தா சப்பாத்து வசதியானதாப் போடுங்கோ, கல்லுப்படியும் நீட்டு நடையும்தான் கஷ்ரம். வெயில் காலத்திலயும் ஒரு ஸ்வெற்றர் வையுங்கோ, கல்லு அறையள் குளிரும். குளிர் காலத்தில வேளைக்கே பூட்டுவினம், காலமை பாரிஸால வெளிக்கிடேக்கையே அண்டைய நேரத்தை அரண்மனையின்ர வெப்சைற்றில பாருங்கோ.