மடுவத்திலிருந்து ஆரம்பிக்கலாம்: சட்டம் படிக்கிறவர்கள் பேரம் பேசப் பழகுவது

முதல் வருடப் பேரம் பேசும் பயிற்சி வகுப்பில், எதிரே உட்கார்ந்திருந்தவர் "உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டதும், கடைசியாக இறங்கலாம் என்று மனதில் வைத்திருந்த தொகையையே நான் சொல்லித் தொலைத்தேன். நாலு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அன்றைக்கு ஹட்டன் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றுதான் தோன்றியது. அம்மாவாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டார்.

மழை நாளில் மடுவத்தில், அதாவது தோட்டத்துக் கொட்டகையில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று 3 கிலோ கழிக்கப் பார்ப்பார்கள். அம்மா சத்தம் போடமாட்டார். தராசுப் பக்கமே நின்றுகொண்டு, "காலையில மழை இதைவிடப் பெருசு, அப்ப எத்தனை கழிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். பின்னால் வரிசை, வெளியே லொறி வரும் நேரம், எழுதுகிறவருக்கு அவசரம். பல நாள் 3 கிலோ 1 கிலோவாகும். காலைக் கணக்கு அவர் ஞாபகத்தில் இருக்கிறது, அடுத்தவரின் அவசரம் என்னவென்று தெரிகிறது, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடிகிறது. பழகவேண்டியது இதைத்தான், அதிலும் அந்த வாயை மூடுவதுதான் நம்மைப்போன்ற சட்டம் படிக்கிறவர்களுக்குக் கஷ்டம்.

சரி, ஒரு பயிற்சி. 30 வருடம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா, பணிக்கொடை (வேலை முடிந்து போகும்போது தரவேண்டிய மொத்தத் தொகை) இன்னும் வரவில்லை, தோட்டம் தவணையில் தருகிறேன் என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்காகப் பேச உட்கார்வதற்கு முன் கணக்குப் போடுங்கள். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் இல்லாதவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாள் சம்பளம் 1,000 ரூபா என்றால் 420 நாளுக்கு 4,20,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும்; பிந்தினால் மேலதிகக் கட்டணம் 10 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 30 வீதம், அதாவது இன்னும் 1,26,000 ரூபா. பேச்சு முறிந்தால் தொழில் ஆணையாளரிடம் போகலாம், அதுதான் உங்கள் கையில் இருக்கும் மாற்றுவழி. இந்தக் கணக்கு தெரியாமல் போகிறவர்தான் "பாதியாவது தாங்க ஐயா" என்று ஆரம்பிப்பார்.

தொகை சட்டத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே பேரம் இல்லை. மிஞ்சுவது காலம்தான். இங்கேதான் இரண்டு பக்கமும் வெளியே சொல்லாததைத் தேடவேண்டும்: அக்காவுக்கு மகள் கல்யாணம் தையில், தோட்டத்துக்குக் கொழும்பு ஏலத்துக் காசு வந்தால்தான் கை புழங்கும். "மொத்தமும் இன்றைக்கே" என்று ஒரு பக்கமும் "பன்னிரண்டு தவணை" என்று மறுபக்கமும் இழுத்துக்கொண்டிருந்தால் விடியாது. பெரிய பங்கு மார்கழியில், மீதி இரண்டு தவணை என்று நீங்கள் முதலில் சொல்லிப் பாருங்கள். கணக்கு சரியாகத் தெரிந்தால் முதல் பேச்சு உங்களுடையதாக இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம், தெரியாவிட்டால் கேள்வி மட்டும் கேளுங்கள்.

அப்புறம் ஆளை மாற்றுங்கள். நீங்கள் துரை (தோட்ட முகாமையாளர்), நண்பர் அக்கா. துரையாக இருந்து பார்த்தால்தான் உங்கள் வாதத்தில் எங்கே ஓட்டை என்று தெரியும். ஒரு தடவை தமிழில், ஒரு தடவை சிங்களத்தில் செய்யுங்கள், ஏனென்றால் நிஜத்தில் பாதி நேரம் அப்படித்தான் நடக்கும், நமக்குக் கோபம் வந்தால் சிங்களம் முதலில் காலை வாரும். வழக்குக்குப் போகாமல் சமரசம் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகள் கட்சிக்காரருக்காக ஆஜராக முடியாது, அதனால் அங்கே போய்வந்த தோட்டத் தலைவர் யாரையாவது பிடித்து, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். வகுப்பில் சொல்லாதது நிறைய வரும்.

எழுத்துப் பக்கம் கவனம். சமரசம் பேசும் கடிதத்தில் 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரான தொகையே நாளைக்கு உங்களுக்கு எதிராக வரும். வழக்கு ஏற்கனவே மாவட்ட நீதிமன்றத்தில் என்றால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408 ஆம் பிரிவின்கீழ் இணக்கத்தைப் பதிவு செய்யக் கேளுங்கள். தாளில் 'விரைவில்' என்று எங்கேயாவது இருந்தால் வெட்டிவிட்டுத் திகதி போடச் சொல்லுங்கள். தைக் கல்யாணத்துக்கு 'விரைவில்' வந்து சேராது.