மூன்று மல்லிக்கு மூன்று மாதம்

எங்கள் வீட்டுப் பூச்செடிகளுக்கு வருடப் பிறப்பு கார்த்திகையில். தீபத்துக்கு அகல் எடுத்துக் கழுவிக் காயவைக்கிற சமயத்தில்தான் குண்டுமல்லிக்குக் கத்தரிக்கோல் வைப்பேன். பாலக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் செம்மண். அதில் குண்டுமல்லி ஒன்பது, ஜாதிமல்லி இரண்டு, முல்லைக்கொடி ஒன்று, பட்டன் ரோஸ், பன்னீர் ரோஸ், கனகாம்பரம் ஒரு பாத்தி, சாமந்தி ஒரு வரிசை. எதையும் விற்பதில்லை. சாமிக்கும் தலைக்கும் போக மீதி அக்கம்பக்கத்துக்கு. பகலெல்லாம் தையல் மிஷின், காலையும் சாயங்காலமும் செடி. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் மூன்று மல்லியையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தேன். ஒரே வேலையாக முடியட்டும் என்று நினைத்தேன். ஜாதிமல்லி அப்போதும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. அத்தை திட்டவில்லை. வெட்டிப்போட்ட கொடியிலிருந்து மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டே, “உனக்குப் பசிக்கிற நேரத்துக்கேதான் ஊருக்கெல்லாம் பசிக்குமா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் நகைக்கடைக்காரர் கொடுக்கிற மாதக் காலண்டரில் பேனாவால் குறித்து வைக்க ஆரம்பித்தேன். குண்டுமல்லிக்குக் கார்த்திகை இரண்டாம் வாரம், அதாவது நவம்பர் கடைசி. ஜாதிமல்லிக்கு மார்கழி நடுவில், டிசம்பர் கடைசி. முல்லைக்குத் தை நடுவில், ஜனவரி கடைசி. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாதம். இதை மனப்பாடம் செய்துவிட்டால் மல்லிகையில் பாதி வேலை தெரிந்த மாதிரி.

குண்டுமல்லி கவாத்தை, அதாவது இப்படி வெட்டிவிடுவதை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் பயப்படுகிறார்கள். பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை மங்கி, கொஞ்சம் உதிரும். அது சரியான அறிகுறி. அடைமழை பிடித்துக்கொண்டால் மண் காயும்வரை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், தப்பில்லை. பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது உங்கள் முழங்கால் உயரம் வைத்து, மேலே இருப்பதை எல்லாம் வெட்டிவிடுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றின்மேல் ஒன்று உரசுகிற கிளை, உள்பக்கமாக வளர்ந்த வீச்சு எல்லாம் அடியோடு போகட்டும். வெட்டி முடித்தால் செடி மொட்டைக் குச்சியாக நிற்கும். “ஐயோ, செத்துப்போச்சா” என்று என் மகள் அழுதிருக்கிறாள். சாகாது.

வெட்டின அன்றே தூரைச் சுற்றி ஒரு அடி தள்ளி வட்டமாக மண்ணைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கின தொழு உரம் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். எங்கள் கணக்கில் தளும்ப ஒரு அன்னக்கூடை. பச்சைச் சாணி கூடாது. சூட்டில் வேர் வெந்துபோகும், வேர்ப்புழுவும் வந்து சேரும். ஆனி, ஆடியில் இன்னொரு தடவை இதே அளவு. எங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அதிகம். அவர்கள் கொட்டுகிற மல்பெரிக் குச்சியும் புழுக் கழிவும் நன்றாக மக்கினால் அருமையான உரம். கேட்டால் சும்மாவே தருவார்கள்.

பட்டுப்புழு என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாசியில் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டதென்று புகையிலைக் கஷாயம் காய்ச்சி, தெளிப்பானில் ஊற்றித் தோளில் மாட்டிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலறல்: “அக்கா, நிறுத்துங்க! நாலாம் தூக்கம் எழுந்திருக்குது எங்க புழு!” தோல் உரிக்கப் புழு அசையாமல் கிடப்பதைத்தான் தூக்கம் என்பார்கள். காற்று அவர்கள் மல்பெரிப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. புகையிலை பட்ட இலையைத் தின்றால் புழு அத்தனையும் வாந்தியெடுத்துச் செத்துவிடும். பக்கத்தில் மல்பெரித் தோட்டமோ புழு மனையோ இருந்தால் எந்த மருந்தானாலும், வேப்பெண்ணெயே ஆனாலும், கேட்டுவிட்டுத் தெளியுங்கள். நான் இப்போது அசுவினியைத் தண்ணீர்க் குழாயை வைத்துப் பீய்ச்சி அடித்தே விரட்டுகிறேன்.

பங்குனி பிறந்தால் குண்டுமல்லி மொட்டு விடும். சித்திரை, வைகாசி வெயிலில் செடி தாங்காத அளவுக்குப் பூ வரும். வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். பச்சை போய், வெள்ளை ஏறி, இன்னும் விரியாத மொட்டு. அதைத்தான் கட்டிவைத்தால் சாயங்காலம் வீடு மணக்கும். பறிக்கும்போதே நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் சிவந்து கிடக்கிற மொட்டைப் பாருங்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே புழு இருக்கும், அல்லது தின்றுவிட்டுப் போன ஓட்டை. அதைச் செடிக்கடியில் உதறாதீர்கள், அங்கேயே மண்ணில் கூட்டுப்புழுவாகி மறுபடி வரும். நான் ஒரு பழைய சொம்பில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் போடுவேன். பத்து நாளைக்கு ஒரு தடவை தூர்மண்ணைக் கிளறிவிட்டால் அந்தக் கூட்டுப்புழுவும் வெயிலில் காயும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளிக்க வேண்டும்.

எங்கள் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தர்மபுரி மாவட்டத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டதென்று இங்கே பல் கறை பிடித்த யாரைக் கேட்டாலும் தெரியும். அந்த ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே வந்தது. தோட்டத்தில் அதே போர் தண்ணீர் வேறு தொல்லை கொடுக்கிறது. உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். கொஞ்ச நாளில் மல்லிக் கொழுந்து வெளுத்துவிடும். நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், கேளுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், ஒரு சின்ன ஸ்பூன் அளவு. அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிட்டு இலைமேல் தெளிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை, பச்சை திரும்பும்வரை. கொடியில் துணி காயும்போது மட்டும் வேண்டாம். மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் விழுந்த துருக்கறை எலுமிச்சைக்கும் உப்புக்கும் அசையவே இல்லை. ஆர்ஓ மிஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கனம்தான், ஆனால் வடிகட்டித் தள்ளின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடிக்கு அரிசி களைந்த தண்ணீர் போதும்.

ரோஜாவுக்கு நாளை எண்ணி வெட்டலாம். வெட்டினதிலிருந்து பூ வர ஏறக்குறைய 45 நாள், குளிரில் கொஞ்சம் கூடும். ஓசூரில் பிப்ரவரி 14-க்கு ஏற்றுமதி செய்பவர்கள் டிசம்பரிலேயே கவாத்து செய்துவிடுவது இந்தக் கணக்கில்தான். எனக்குப் பொங்கலுக்குப் பூ வேண்டும், அதனால் நவம்பர் கடைசியில் வெட்டுவேன். வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற பூஞ்சாண மருந்தைக் குழைத்துத் தடவினால் குச்சி மேலிருந்து கருகி இறங்காது. ஒட்டுக்குக் கீழே வருகிற கன்றைக் கண்டதும் கிள்ளுங்கள். அது காட்டு ரோஜா, சாப்பாட்டை அது தின்றுவிடும்.

கனகாம்பரம் ஆடியில். ஆடிக் காற்றில் விதை பறக்குமே என்பார்கள், மேலே இரண்டு விரல் மக்கின உரம் தூவினால் எங்கும் போகாது. விதை எடுப்பதுதான் வேடிக்கை. காய்ந்த கதிரை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் தெளித்து, மேலே துணியை மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் பட், பட் என்று வெடிக்கும். உள்ளே கடுகு தாளிக்கிற சத்தம். துணியை எடுத்தால் தட்டையான விதைகள் பாத்திரத்தின் அடியில். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்காகவே வரிசையில் உட்காருவார்கள். டெல்லி கனகாம்பரத்தில் மட்டும் இதை முயலாதீர்கள், அது விதை பிடிக்காது. குச்சிதான் நடவேண்டும். இரண்டு வருடம் ஒரே இடத்தில் போட்டால் செடி வாடும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு. அந்தப் பாத்தியில் ஒரு பருவம் துலுக்க சாமந்தி போடுங்கள். பூவும் ஆச்சு, நூற்புழுவும் குறையும்.

இனி சாமந்தி. என்னை மிகவும் அலைக்கழித்தது இதுதான். தையில் பூ முடிந்ததும் தரையோடு வெட்டிவிட்டால் தூரிலிருந்து பக்கக் கன்றுகள் வரும். அவற்றை வேரோடு பிரித்து நிழலில் தேற்றி, வைகாசிக் கடைசியில் நடுவேன். நட்டு ஒரு மாதத்தில் கொழுந்தைக் கிள்ள வேண்டும். கிள்ளின இடத்தில் மூன்று, நான்கு கிளை வரும், அதையும் ஒரு தடவை கிள்ளலாம். ஆவணி பிறந்தபின் கை வைக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு மொட்டு, தீபாவளிக்கு விரிந்த பூ. இதுதான் எப்போதும் நடப்பது.

ஒரு வருடம் பதினொரு செடியில் ஏழில் பூ, நான்கில் ஒன்றுமே இல்லை. அந்த நான்கும்தான் இடுப்புயரம், கரும்பச்சை இலை, பார்க்க அத்தனை கொழுப்பு. உரம் கூடிவிட்டது என்றார் வீட்டுக்காரர். உரக்கடையில் பூக்கிற டானிக் ஒன்றைக் கொடுத்தார்கள், அதையும் அடித்தேன். ஒரு ராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவிளக்கு எரிந்ததும் வெளிச்சம் சுற்றுச்சுவரைத் தாண்டி நேராக அந்த நான்கு செடிமேல் விழுந்தது. ஐந்தாவது செடி முருங்கை நிழலில். பழைய மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டுப் பளீரென்ற எல்இடி போட்டது அந்த வருடம்தான்.

சாமந்தி மொட்டு வைக்க நீண்ட இருட்டு வேண்டும். ராத்திரியில் வெளிச்சம் பட்டால் அதற்குக் கோடை இன்னும் முடியவில்லை. இது விவசாயிகளுக்குத் தெரிந்த வித்தைதான். பூவைத் தள்ளிப்போட விளக்குப் போடுவார்கள், முன்னே கொண்டுவரக் கறுப்புத் துணி மூடுவார்கள். நானும் நான்கு மூங்கில் குச்சி நட்டு, பழைய கறுப்புத் தார்ப்பாயை இலையில் படாமல் மேலே போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுவது, விடிந்ததும் எடுப்பது. ஒரு நாளும் தவறவில்லை. நான்காவது வாரம் கொழுந்து நுனியில் மிளகளவு மொட்டு. பொங்கலுக்கு அந்த நான்கு செடிதான் பூத்தது, மற்ற ஏழும் அதற்குள் ஓய்ந்திருந்தன. தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் வேண்டாம், இருட்டுப் பக்கம் நகர்த்தினால் போதும். உங்கள் வீட்டு போர்டிகோ விளக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடத்திலிருந்து அந்த மூலையில் சம்பங்கிக் கிழங்கு. தெருவிளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அது பூக்கிறது.

கத்திரி வெயில் மாதத்தில் புதிதாக எதையும் நடாதீர்கள். கடலைத் தோல் கிடைத்தால் தூரைச் சுற்றி நான்கு விரல் உயரம் பரப்பி, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். ரோஜா இலைக்கு அடியில் பொடிப்பொடியாக ஊர்ந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீர் அடித்தாலே குறையும். புரட்டாசி மழையில் வேலையே வேறு, பாத்தியில் நிற்கிற தண்ணீரை வெட்டிவிடுவது. டிசம்பர் பூவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது தானாகவே பார்த்துக்கொள்ளும். பூ ஓய்ந்ததும் பாதிக்கு வெட்டுங்கள், அவ்வளவுதான்.

தையில் முல்லைக்குக் கத்தரி வைத்துவிட்டால் மாசி முழுவதும் தோட்டத்தில் தலைக்கு வைக்க ஒரு மொட்டு இருக்காது. அந்த ஒரு மாதம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாவிடம்தான் வாங்குகிறேன். “உங்க வீட்டுச் செடி என்னாச்சு?” என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார். முழம் போட்டு முடித்தபின் அரை முழம் கொசுறும் தருகிறார்.