ஊரில் நிதி ஆலோசகரைத் தேடப் போகிறவர்களுக்கு

மெல்பர்னிலிருந்து இந்தத் தை மாதம் 16 நாள் விடுப்பில் கும்பகோணம் போனபோது, இந்தியாவிலுள்ள எங்கள் பணத்தைப் பார்த்துக்கொள்ள நல்லதொரு நிதி ஆலோசகரை அமர்த்திவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த 16 நாட்களில் நான்கை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகம் விழுங்கியது.

அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், பிரிக்காத உறை ஒன்று கிடந்தது. முந்தைய ஆண்டு முதிர்ந்த வங்கி வைப்பிலிருந்து 2 லட்சம் ரூபாய், 7 ஆண்டுகள் கட்ட வேண்டிய ஒரு காப்பீட்டுத் திட்டத்துக்கு முதல் தவணையாகப் போயிருந்தது. அம்மாவுக்கு வயது 67. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போடலாம் என்றிருக்க, அதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டத்தை விற்றவன் என் மாமா மகன். சொந்தபந்தம் முழுவதும் அவனை ஆலோசகர் என்றே சொல்லும். அவன் காப்பீட்டு முகவர், அவனுக்குச் சம்பளம் தருவது நிறுவனத்தின் கமிஷன்.

பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் கிடைத்திருக்கும். அந்தக் கெடு பீரோவுக்குள்ளேயே கழிந்துவிட்டதால் சரண்டர் செய்ய, அதாவது திட்டத்தை இடையிலேயே முடித்துப் பணத்தைத் திரும்பப் பெற, கிளைக்குப் போனோம். முதல் நாள், அதற்குரிய அதிகாரி விடுப்பில் இருந்தார். இரண்டாம் நாள், ரத்து செய்த காசோலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள், அம்மாவின் கையெழுத்து பழைய படிவத்தோடு பொருந்தவில்லை என்றார்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன்பு, கோடு தெரியாமல் போட்ட கையெழுத்தோடு எப்படிப் பொருந்தும்? நான்காம் நாள் சொன்ன தொகை, கட்டியதைவிடக் கணிசமாகக் குறைவு.

அன்று மாலை மாமா மகன் வீட்டுக்கு வந்து, "அத்தான், அத்தைக்கு நல்லதுன்னுதான் போட்டேன்" என்றான். என்னிடம் பதில் இருந்தது; ஆனால் அந்த அறுவை சிகிச்சைக்கு அம்மாவை ஆட்டோவில் அழைத்துப்போய், இரவு கூடவே இருந்தவன் அவன் என்பது நினைவுக்கு வந்ததால் காபியைக் குடித்து முடித்தேன்.

ஆகவே, உறவினரிடம் பாசத்தை வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆலோசகர் என்று சொல்பவரிடம் செபி என்னும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு எண்ணைக் கேளுங்கள்: முதலீட்டு ஆலோசகருக்கு அது 'ஐஎன்ஏ' என்று தொடங்கும், செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். 'ஏஆர்என்' எண்ணைக் காட்டுபவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவர் கெட்டவர் அல்லர், ஆனால் அவருக்குக் கமிஷன் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து வருகிறது. கட்டணம் வாங்கும் ஆலோசகர் 2013 முதல் இருக்கும், விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான்களைப் பரிந்துரைப்பார், எழுத்தில் ஒப்பந்தம் போடுவார், முதலீட்டுத் தொகையைத் தம் கணக்குக்கு அனுப்பச் சொல்லமாட்டார்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்திய வங்கியில் போட்டுவைக்கும் என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு வரி உண்டா என்று கேளுங்கள். "இல்லவே இல்லை" என்பவர் பாதிதான் அறிவார். இந்தியாவில் விலக்கு உண்டு, ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வசிப்பவர் அந்த வட்டியையும் அங்கே வருமானமாகக் காட்ட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கின் வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் பிடிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வரி கட்டும் வசிப்பாளர் என்று காட்டும் வரி வசிப்பிடச் சான்றிதழைக் கொடுத்தால் இருநாட்டு ஒப்பந்தப்படி அது 15 சதவீதமாகக் குறையும். இதைத் தாமாகவே சொல்பவரோடு பேச்சைத் தொடரலாம். புறப்படுவதற்கு முன்பே இரண்டு மூன்று பேரோடு காணொளியில் பேசி முடித்துவிடுங்கள், ஊரில் அதற்கு நேரம் கிடைக்காது. வெளிநாடு சென்றபின்னும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றாமல் வைத்திருப்பது விதிமீறல் என்பதை, 11 ஆண்டுகள் அப்படியே வைத்திருந்த நான், கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்கிறேன்.

பெற்றோர் பெயருக்கு எந்தப் பத்திரம் தபாலில் வந்தாலும், அன்றே உறையைப் பிரித்து, எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு கற்றுக்கொடுத்தேன். இதுவரை வந்திருப்பது மின்கட்டண ரசீதும் கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழும்தான்.