ரேஷன் பங்கு முழுசாக வீடு வந்து சேர: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிசி விலையில்லாமல், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். தறி ஓட்டியும், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது மாதச் செலவில் பெரிய தாங்கல். மிகவும் ஏழ்மையான குடும்பங்களுக்குத் தரும் அந்தியோதயா அட்டை என்றால், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ அரிசி உண்டு. இவ்வளவு இருந்தும் பல வீடுகளுக்குப் பங்கு குறைந்துதான் போய்ச் சேருகிறது. கவனித்தால் தடுத்துவிடலாம்.

முதல் தவறு, பொருள் கைக்கு வரும் முன்னே பில் போட விடுவது. "கைரேகையை வெச்சுட்டுப் போங்கம்மிணி, பருப்பு லோடு வந்ததும் வாங்கிக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், வேலைக்கு நேரமாகிற அவசரத்தில் நாமும் விரலை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். பில் விழுந்த நொடியில் அந்தப் பருப்பு உங்களுக்குக் கொடுக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். அடுத்த வாரம் போய்க் கேட்டால் கையில் காட்ட எதுவும் இருக்காது. எனவே இருப்பில் உள்ள பொருளுக்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள். மீதி, அந்த மாதக் கணக்கில் உங்கள் பேரிலேயே நிற்கும்.

பில் போட்டதும் அட்டையில் பதிந்த செல்போனுக்கு என்ன பொருள், எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும். கடையை விட்டு இறங்கும் முன் அதைப் பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பேரன் பேத்தி படித்துக் காட்டட்டும். பல வீடுகளில் பழைய சிம் போன பிறகும் அட்டையில் பழைய நம்பரே இருக்கிறது. செய்தி யாருக்கோ போகும், நமக்கு ஒன்றும் தெரியாது. இன்றே மாற்ற வேண்டிய விஷயம் இது.

எடைத் தட்டில் முதலில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பாருங்கள். வாளியில் அள்ளி வைத்து நிறுத்தால், வாளியின் எடையைக் கழித்தார்களா என்று கேட்கலாம். கேட்பது சண்டை இல்லை, அது நம் உரிமை. அதேபோல டீத்தூள், உப்பு, சோப்பு எல்லாம் விருப்பப்பட்டால் வாங்குகிற சரக்கு. அதை எடுத்தால்தான் அரிசி என்று யாரும் சொல்ல முடியாது.

மாதக் கடைசி வரை தள்ளிப் போடாதீர்கள். பருப்பும் பாமாயிலும்தான் முதலில் தீரும். அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, போன மாதப் பங்கு இந்த மாதம் கிடைக்காது.

தேனியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள், அரிசி வாங்க ஊருக்குப் போகவேண்டும் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கலாம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து உங்கள் லைனில் குடியிருப்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை வைத்திருந்தால் அவர்களுக்கும் இங்கே தானியம் உண்டு.

மஞ்சள் காட்டிலும் சாயப்பட்டறையிலும் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களைக் கருவி ஏற்காது. அதற்காக வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். கருவிழிப் பதிவு வந்த கடைகளில் அதைக் கேளுங்கள். வரவே முடியாத பெரியவர்கள், வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தகுதி இருந்தால் கடையில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அரிசியைக் கொட்டுவதுதான். ஊற வைத்ததும் சில மணிகள் மேலே மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறி இருக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று அள்ளிச் சாக்கடையில் போடுகிறார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக வார்த்து, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. ரத்தசோகையைக் குறைக்கவே வந்தது, அதைத்தான் பொறுக்கி எறிகிறோம். ஐந்தாறு தண்ணீர் விட்டு அலசுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தைக் குறைக்கும். நம்மூர் அரிசிம்பருப்புச் சோறு இதற்கு ரொம்பப் பொருத்தம்: சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து, அளவாகத் தண்ணீர் வைத்து, ரேஷன் பருப்பையும் சேர்த்துப் போட்டால் வடிக்க வேண்டிய தண்ணீரே இல்லை. தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேண்டாத அரிசியை வீட்டு வாசலுக்கு வருகிற ஆளிடம் விற்பதும் தவறு. அது சேர்ந்து சேர்ந்து வாளையாறு எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது. விலையில்லா அரிசியை விற்பது குற்றம். தேவையில்லை என்றால் வாங்காமல் விடலாம்.

கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையில் நீக்கினால்தான் புகுந்த வீட்டில் சேர்க்க முடியும். குழந்தை பிறந்தால் உடனே சேருங்கள். முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள எல்லோரும் கைரேகை பதிய வேண்டும். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் அங்குள்ள ரேஷன் கடையிலேயே பதியலாம்.

குறை இருந்தால் 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். பில் தேதியையும் வந்த குறுஞ்செய்தியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பெயர் சேர்ப்பு, நீக்கம், நம்பர் மாற்றம் போன்றவற்றுக்கு வட்ட வழங்கல் அலுவலகம் நடத்தும் மாதாந்திரக் குறைதீர் முகாமுக்குப் போகலாம். பெரும்பாலும் இரண்டாம் சனிக்கிழமையில் நடக்கும்.