வீட்டு ஜெபக்கூட்டத்தில் ‘கீழ்ப்படியுங்கள்’ பகுதியை நடத்தும் முறை

வேதாகமத்தில் எபேசியர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தை நடத்துகிறவர், மனைவிகளுக்குச் சொல்லப்பட்ட 22-ஆம் வசனத்தில் தொடங்காமல், ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்னும் 21-ஆம் வசனத்தை முதலில் சத்தமாக வாசிக்கச் செய்ய வேண்டும். மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்திற்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. முந்தின வசனத்தின் வினையே அதற்கும் பொருள் தருகிறது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். பெரியவர்கள் சிலர் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள்; நீங்கள் நிறுத்த வேண்டாம்.

புருஷருக்கான கட்டளை 25-ஆம் வசனத்தில் இருக்கிறது: தம்மையே ஒப்புக்கொடுக்கும் அன்பு. ‘அப்படியானால் தலைமை என்பது எது?’ என்று கேட்டால், பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக வேண்டும் என்னும் மாற்கு 10:42–45-ஐ எடுத்து, நம் பாளையங்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அசனத்தன்று (சபையார் கூடி உண்ணும் விருந்து நாளில்) சேகரக் கமிட்டியார், அதாவது சபைகளை நிர்வகிக்கும் குழுவினர், வேட்டியை மடித்துக் கட்டி, குழம்பு வாளியோடு பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருவதைச் சுட்டிக்காட்டலாம். (கமிட்டித் தேர்தல் நேரத்து நடத்தையைச் சுட்டிக்காட்ட முடியாது.)

ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ வாசித்தால், மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் அப்போஸ்தலர் 5:29-ஐயும் சேர்த்தே வாசியுங்கள். அடிபடுகிற மனைவியிடம் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்ல எபேசியர் பகுதியை ஒருபோதும் எடுக்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பையும் அவருக்குத் தனியே சொல்லுங்கள்.